நீள முடியாத விரல்

கையில் பிடித்து விளையாடும் கருவி எதுவாக இருந்தாலும் நம் கண் திரையில்தான் இருக்கும். கட்டைவிரல்கள் முன்பக்கம் இருப்பதால் ஓரக்கண்ணிலாவது படும். ஆள்காட்டி விரல்கள் மட்டும் கருவியின் பின்னால் போய் மறைந்துகொள்ளும். அவை என்ன செய்கின்றன என்று நாம் பார்ப்பதே கிடையாது. அந்த விரல்களுக்காக வைத்த பட்டன்களுக்குத் தோள் பட்டன் என்று பெயர். கருவியை ஒரு உடம்பு என்று வைத்துக்கொண்டால் மேல்விளிம்பின் இரண்டு மூலைகளும் அதன் தோள்கள். அதனால் அந்தப் பெயர்.

1990இல் ஜப்பானில் வெளியான சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலரில்தான் இவை பரவலாகத் தெரியவந்தன. இடது பக்கம் எல், வலது பக்கம் ஆர். அதற்கு முன்பு கட்டைவிரல்கள்தான் உழைத்தன, மற்ற எட்டும் சும்மா பிடித்துக்கொண்டிருந்தன. 1994இல் வந்த பிளேஸ்டேஷன் பக்கத்துக்கு இரண்டு பட்டன் என்று ஆக்கியது. இன்று சுடுவது, குறி பார்ப்பது, வேகம் கூட்டுவது, பிரேக் பிடிப்பது என்று ஒரு விளையாட்டின் முக்கியமான வேலைகள் பலவும் கண்ணுக்குத் தெரியாத இந்த விரல்களிடம்தான் இருக்கின்றன.

நான் பிளாஸ்டிக் உறைகள் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். மின் மீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி மாதிரியான சாமான்களின் வெளிக்கூடு. அது சோற்றுக்கு. ஆசைக்கு, இரண்டு நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, மடித்து மூடக்கூடிய ஒரு சின்ன கம்ப்யூட்டரைச் செய்துகொண்டிருக்கிறேன். கீபோர்டு உண்டு, கேம் ஆடுவதற்கான பட்டன்கள் உண்டு, லினக்ஸ் ஓடும். திரை, பேட்டரி, போர்டு என்று எதற்கும் எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. தோள் பட்டனுக்குத்தான் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது மில்லிமீட்டர் சண்டை. உள்ளே இருந்த கேள்வி வேறு. முகம் தெரியாத ஒருவருடைய கை இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேம் ஆடுகிற சாமானுக்கு இவ்வளவு பெரிய கேள்வியா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது. சட்டை தைத்து வந்து தோள் இறுக்கமாக இருந்தால் நாம் டெய்லரைத் திட்டுவோம். செருப்பு கடித்தால் செருப்பைத் திட்டுவோம். தோள் பட்டன் சரியில்லை என்றால் யாரும் பட்டனைத் திட்டுவதில்லை, ஏனென்றால் அது கண்ணில் படவில்லை. விரல் வலிக்கிறது, அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்த முடியவில்லை, ஆட்டம் தோற்கிறது. பத்து நிமிடத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று சொல்லிவிடுவார்கள். தவறு வடிவமைத்தவனுடையது, குற்றவுணர்வு பயன்படுத்துகிறவருடையது. ஒரு பொருள் தன் குறையை மனிதர்மேல் ஏற்றிவிட்டு நல்ல பெயரோடு இருக்க முடிகிறது என்றால், அங்கே அறம் பற்றிய கேள்வி வந்துதான் ஆக வேண்டும்.

*

மடித்து மூடும் கருவியில் இது ஏன் இவ்வளவு பெரிய தலைவலி? சாதாரண கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது. எடையை உள்ளங்கையும் கடைசி மூன்று விரல்களும் தாங்கிக்கொள்ளும். ஆள்காட்டி விரலுக்கு அழுத்துவது மட்டும்தான் வேலை.

மடிக்கும் கருவி பென்சில் பாக்ஸ் மாதிரி தட்டையானது. கைப்பிடி வைத்தால் பையில் போகாது. மூடியைத் திறந்ததும் திரையின் எடை பின்பக்கம் போய்விடும், கருவி பின்னால் சாயப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது பின்விளிம்பில் இருக்கும் அதே ஆள்காட்டி விரலும் அதற்குக் கீழே இருக்கும் நடுவிரலும்தான். சுமைதாங்கியும் அந்த விரல், வேலைக்காரனும் அந்த விரல். பிடித்துக்கொண்டே அழுத்து என்றால், அழுத்தும் நேரத்தில் பிடி தளரும். பிடியை இறுக்கினால் தெரியாமல் பட்டன் அழுந்தும்.

இடப் பிரச்சினை இன்னொன்று. பின்விளிம்புக்குத்தான் எல்லோரும் போட்டி போடுகிறார்கள். கீல் அங்கேதான் இருக்க வேண்டும். திரைக்குப் போகும் கேபிள் கீல் வழியாகத்தான் போக வேண்டும். சார்ஜ் போடும் துளை, டிவிக்கு இணைக்கும் துளை, மெமரி கார்டு எல்லாம் அந்தப் பக்கத்தையே கேட்கும். எல்லோரும் இடம் பிடித்த பிறகு, மிச்சம் இருக்கும் இரண்டு மூலைகள் தோள் பட்டனுக்கு. அதுவும் வெளியே துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது. பைக்குள் போட்டால் எதிலாவது பட்டு அழுந்தும், கீழே விழுந்தால் முதலில் உடைவதும் அதுதான்.

2003இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி மடித்தால் சட்டைப் பைக்குள் போகும். கேம்பாய் வரிசையில் மடிக்கக்கூடிய முதல் கருவி. அதில் எல், ஆர் பட்டன்கள் பின்விளிம்பில், கீலை ஒட்டிய மூலைகளில், சின்னதாக இருக்கும். வளர்ந்தவர்கள் அதை வைத்து நீண்ட நேரம் விளையாடினால் விரலைச் சுருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2014இல் வந்த நியூ நின்டெண்டோ 3டிஎஸ்ஸில் பக்கத்துக்கு இன்னொரு பட்டன் சேர்த்தார்கள். கன்ட்ரோலர் என்றால் இரண்டாவது பட்டனை முதலாவதற்குக் கீழே வைக்கலாம், அதற்கு உயரம் இருக்கிறது. மடிக்கும் கருவியின் கீழ்ப்பாதி அவ்வளவு தடிமன் இல்லை. அதனால் பக்கவாட்டில், கீலை நோக்கி உள்ளே தள்ளி வைத்தார்கள். அதைத் தொட விரல் இன்னும் கொஞ்சம் நீள வேண்டும். நீள முடிந்தவர்களுக்குச் சரி.

*

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்து நெம்புகோல் கணக்குதான்.

தோள் பட்டன் பெரும்பாலும் ஒரு சின்னக் கதவு மாதிரி. ஒரு முனை கருவியோடு மாட்டப்பட்டிருக்கும், மறுமுனை அசையும். நடுவில் எங்கோ உள்ளே ஒரு குட்டி சுவிட்ச். அந்த சுவிட்சுக்குள் கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி ஒரு மெல்லிய உலோகத் தகடு. அழுத்தினால் அது உள்வாங்கி "டிக்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். உள்ளே போவது கால் மில்லிமீட்டர் அளவுதான். அதற்குத் தேவையான விசை சுமார் 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம், கடையில் கிடைக்கும் சாதாரண சுவிட்சுகளில் இது ஒன்று.

மாட்டியிருக்கும் முனையிலிருந்து சுவிட்ச் 12 மி.மீ. தள்ளி இருக்கிறது. உங்கள் விரல் 24 மி.மீ. தள்ளி, அசையும் முனையில் அழுத்தினால் 80 கிராம் போதும். பூ மாதிரி இருக்கும். அதே பட்டனை 6 மி.மீ. தள்ளி, மாட்டியிருக்கும் முனைக்குப் பக்கத்தில் அழுத்தினால் 320 கிராம் வேண்டும். நான்கு மடங்கு. வீட்டுக் கதவைக் கீல் பக்கத்தில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள், புரிந்துவிடும். ஒரே கருவி, ஒரே பட்டன், ஒருவருக்கு 80 கிராம், இன்னொருவருக்கு 320 கிராம். விரல் எங்கே போய் விழுகிறது என்பதுதான் வித்தியாசம்.

விரல் எங்கே விழும் என்பதைத் தீர்மானிப்பது அதன் நீளம். கருவியை இரண்டு கையால் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் மூலையைச் சுற்றிக்கொண்டு பின்விளிம்போடு படுக்கிறது. நீளமான விரலின் நுனி உள்ளே, கீல் பக்கம் போய் நிற்கும். குட்டை விரலின் நுனி மூலையிலேயே நின்றுவிடும். அப்படியென்றால் பட்டனை எந்த முனையில் மாட்டுவது? மூலைப் பக்கம் மாட்டினால் நீள விரலுக்குச் சுகம், குட்டை விரலுக்கு 320 கிராம். கீல் பக்கம் மாட்டினால் குட்டை விரலுக்குச் சுகம், நீள விரலின் நுனிக்குக் கஷ்டம்.

பார்த்தால் சரிக்குச் சரி மாதிரி இருக்கிறது. யாரோ ஒருவர் கஷ்டப்படத்தான் வேண்டும், அதிகம் பேர் யாரோ அவர்கள் பக்கம் போவோம் என்று தோன்றும். ஆனால் இது சரிக்குச் சரி இல்லை. நீள விரல்காரர் தன் விரல் நுனியால் அழுத்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விரலின் நடுப்பகுதியால் மூலையில் அழுத்தலாம், அல்லது விரலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம். குட்டை விரல்காரருக்கு அந்த வசதி இல்லை. நீளமானது குறுகிக்கொள்ளும். குட்டையானது நீள முடியாது.

எங்கள் சண்டை இதில்தான். மூலையில் ஏற்கெனவே ஒரு ஸ்க்ரூ தூண் இருக்கிறது, பட்டனை அங்கே மாட்டுவது சுலபம். கீல் பக்கம் மாட்ட வேண்டும் என்றால் கீலை 3 மி.மீ. ஒடுக்க வேண்டும், கேபிளை வேறு வழியாக விட வேண்டும். "யாரோ ஒரு குட்டை விரலுக்காக மொத்த கீலையும் மாத்தணுமா?" என்பது நண்பன் கேட்ட கேள்வி. கிண்டலாகத்தான் கேட்டான், ஆனால் அது தத்துவக் கேள்வி. எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வதா, அல்லது யாருக்கு வேறு வழி இல்லை என்று பார்த்து முடிவு செய்வதா?

*

நாங்கள் இரண்டு மாதிரியையும் த்ரீ-டி பிரின்டரில் அடித்து, அம்பத்தூர் பக்கம் மோல்டு வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனோம். என் தொழிலில் ஸ்டீல் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. இளவயதில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தபோது வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது. அந்த மாதிரிப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்தால், இருக்க வேண்டிய விரல் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாக வராது. அதை அவர்கள் பெரிய விஷயமாகப் பேசுவதும் இல்லை.

அவர் கேம் ஆடுகிற ஆள் இல்லை. நாங்கள் கேட்டதற்காகக் கையில் வாங்கினார். மூலையில் மாட்டிய மாதிரியைப் பிடித்ததும் அவர் செய்த முதல் காரியம், ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு நடுவிரலைப் பட்டன்மேல் கொண்டுவந்தது. யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, கை தானாகப் போனது. நடுவிரல் கீழிருந்து மேலே வந்ததும் கருவியைத் தாங்க ஆள் இல்லாமல் அது பின்னால் சாய்ந்தது. மோதிர விரலை உள்ளே கொடுத்து முட்டுக்கொடுத்தார். இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, "நமக்கு எதுக்கு தம்பி இதெல்லாம், கை பழக்கம் வேணும்" என்று திருப்பித் தந்தார்.

நாங்கள் எதுவும் சொல்லாமல் இரண்டாவது மாதிரியைக் கொடுத்தோம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். குட்டையான விரல் மூலையில் படிந்தது, அங்கேயே பட்டன் அழுந்தியது. நடுவிரல் கீழேயே இருந்து தாங்கிக்கொண்டது. கார் ஓட்டும் ஆட்டத்தில் கால் மணி நேரம் எங்களை அவர் கவனிக்கவில்லை.

இதில் நான் நிற்பது அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில். கை பழக்கம் வேண்டும் என்றார். முப்பது வருடம் ஸ்டீலில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைத் தடவிப் பார்த்துச் சொல்கிற கை அது. அந்தக் கைக்குப் பழக்கம் போதவில்லை என்று அந்தக் கைக்குச் சொந்தக்காரரையே நம்பவைக்க ஒரு ஸ்க்ரூ தூணின் வசதி போதுமாக இருந்தது. இரண்டாவது மாதிரி கையோடு இல்லாமல் போயிருந்தால் அவர் கடைசிவரை அப்படித்தான் நினைத்திருப்பார். முகம் தெரியாதவர்கள் விஷயத்தில் இரண்டாவது மாதிரி எப்போதும் நம் கையில் இருப்பதில்லை.

*

"சராசரி அளவு எடுத்துச் செய்யலாமே" என்று யாராவது சொல்வார்கள். என் வேலையில் தினமும் கேட்கிற வாக்கியம். அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது.

1950 வாக்கில் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளின் உடல் அளவுகளை எடுத்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள். விமானி உட்காரும் அறையைச் சராசரி விமானிக்கு ஏற்றபடி வடிவமைக்க வேண்டும் என்பது நோக்கம். அங்கே வேலை பார்த்த கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞருக்கு ஒரு சந்தேகம் வந்தது. முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, அந்தப் பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். 4063 பேரில் ஒருவர்கூட இல்லை. கை நீளம் சராசரி என்றால் கால் நீளம் சராசரி இல்லை, நெஞ்சளவு பொருந்தினால் இடுப்பளவு பொருந்தவில்லை. சராசரி மனிதனுக்குச் செய்த அறை யாருக்கும் பொருந்தாத அறை.

விமானப்படை அதற்குப் பிறகு இன்னும் துல்லியமான சராசரியைத் தேடிப் போகவில்லை. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம், பெடலை நகர்த்தலாம், பட்டையை இறுக்கலாம் தளர்த்தலாம் என்று ஆக்கினார்கள். இன்று நாம் கார் சீட்டை நகர்த்திக்கொள்வதும் அதே யோசனைதான். உன் உடம்பு எப்படி என்று எனக்குத் தெரியாது, நீயே சரி செய்துகொள் என்று ஒரு பொருள் சொல்ல முடியும். அதைப் பணிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

தோள் பட்டனை நகர்த்தும்படி செய்வது கஷ்டம், இடம் கிடையாது. ஆனால் கொஞ்சம் இடம் கொடுக்க முடியும். எந்தப் பட்டன் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை ஆடுகிறவரே மாற்றிக்கொள்ள விடலாம், அதற்கு மென்பொருளில் சில வரிகள் போதும். சுவிட்சை முக்கிய போர்டிலேயே பற்றவைக்காமல் தனியாக ஒரு சின்ன போர்டில் வைத்து இரண்டு ஸ்க்ரூ போடலாம். இந்த சுவிட்சுகளில் மலிவானவை ஒரு லட்சம் அழுத்தம் தாங்கும் என்று அச்சிட்டு விற்கிறார்கள். பெரிய எண் மாதிரி தெரியும். ஒரு நாளைக்கு 500 தடவை அழுத்தினால் 200 நாளில் முடிந்துவிடும், ஒரு வருடம்கூட இல்லை. பத்து லட்சம் தாங்குகிற சுவிட்ச் ஐந்து வருடத்தைத் தாண்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஒரு டீ காசு இருக்காது. அந்தக் காசை யார் மிச்சம் பிடிக்கிறார்கள், 201வது நாளில் யார் கருவியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு அலைகிறார்கள் என்று பார்த்தால், இருவரும் வேறு வேறு ஆட்கள்.

*

பிளாஸ்டிக் உறை செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மோல்டு என்பது கெட்டியான ஸ்டீலில் வெட்டிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் உருகிய பிளாஸ்டிக்கை அடைத்தால் பொருள் வரும். பள்ளத்தை இன்னும் கொஞ்சம் வெட்டுவது சுலபம். வெட்டிய இடத்தில் ஸ்டீலைத் திரும்ப வைப்பது பெரும்பாடு, செலவும் அதிகம். அதனால் சந்தேகமான இடங்களில் முதலில் குறைவாகத்தான் வெட்டுவார்கள். பட்டன் கொஞ்சம் சின்னதாகவே வரும். மாட்டிப் பார்த்து, லூஸாக இருந்தால் மோல்டை இன்னும் கொஞ்சம் வெட்டிப் பட்டனைப் பெரிதாக்குவார்கள். அம்பத்தூர் அண்ணன் இதைச் சொல்லும் விதம்: "வெட்டுனா போச்சு தம்பி. வெட்டாத வரைக்கும் பேசலாம்."

எனக்கு இது வெறும் பட்டறைப் பழக்கமாகத் தெரியவில்லை. நாம் நினைப்பது தப்பாக இருக்கலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலை 0.2 மி.மீ. ஸ்டீலாக விட்டுவைப்பது. ஆனால் இந்த யோசனையை நீட்டிக்கொண்டே போனால் ஒரு ஆபத்து உண்டு. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது சோம்பேறித்தனத்துக்கும் நல்ல சாக்கு. பாதி வெந்த கேமை விற்றுவிட்டு, அப்டேட்டில் சரி செய்கிறோம் என்று சொல்கிற காலத்தில் இருக்கிறோம். திருத்த இடம் விடுவது வேறு, செய்ய வேண்டிய வேலையை வாங்கியவர் தலையில் கட்டுவது வேறு. எனக்குத் தெரிந்தவரை இரண்டையும் பிரிப்பது ஒன்றுதான். முன்னதில் திருத்தும் செலவு செய்தவனுடையது, பின்னதில் அது வாங்கியவருடையது.

*

எதிர்த்தரப்பில் இன்னொரு கை இருக்கிறது. காத்திருக்கிறவருடைய கை.

பேண்டோரா என்று ஒரு கருவி. கீபோர்டும் கேம் பட்டன்களும் தோள் பட்டன் இரண்டும் கொண்ட, லினக்ஸ் ஓடும், மடிக்கக்கூடிய சின்ன கம்ப்யூட்டர். பெரிய கம்பெனி எதுவும் செய்யவில்லை, ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து செய்தார்கள். 2008இல் முன்பணம் வாங்கினார்கள். முதல் கருவிகள் வீடுகளுக்குப் போனது 2010இல். அதன் வாரிசாக ஜெர்மனியில் உருவான பைராவில் தோள் பட்டன்கள் நான்கு. அதற்கு 2016இல் முன்பணம் வாங்கினார்கள், வாங்கியவர்கள் கைக்குப் போகத் தொடங்கியது 2020இல். ஸ்கூல் முடிக்கும்போது பணம் கட்டியவன் காலேஜ் முடித்த பிறகு பெட்டியைப் பிரித்திருப்பான். அதற்குள் உள்ளே இருந்த சிப் பழசாகிவிட்டது.

இந்தத் தாமதங்களுக்குத் தோள் பட்டன் காரணம் என்று சொல்ல வரவில்லை. சின்னக் குழு ஒரு கம்ப்யூட்டரை முழுதாகச் செய்ய வேண்டும் என்றால் போர்டு, மோல்டு, உதிரி பாகம், பணம் என்று நூறு முட்டுக்கட்டை. ஆனால் தாமதம் என்பது ஒரே பெரிய கல் இல்லை, நூறு சின்னக் கற்கள். அந்த நூறில் ஒவ்வொன்றும் "இதை மட்டும் இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்துவிடலாம்" என்ற நல்ல எண்ணத்திலிருந்தும் வரலாம். ஒரு கைமேல் வைத்த அக்கறை, பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிற இன்னொரு கைக்குக் கொடுத்த வாக்கை முறிக்கிறது.

இங்கே கணக்குப் போட்டு முடிவெடுக்கலாம் என்று தோன்றும். காத்திருக்கிறவர் இழப்பது சில மாதங்களை, பட்டன் எட்டாதவர் இழப்பது கருவியையே, ஆகவே காத்திருக்கட்டும் என்று. எனக்கு இந்தக் கணக்கு பாதிதான் சரி. கொடுத்த வாக்கு என்பது தராசில் போடும் எடைக்கல் இல்லை. காத்திருக்கிறவர் யாருடைய விரலுக்காகவும் தன் மாதங்களைத் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவரிடமிருந்து எடுக்கிறோம் என்றால் அவரிடம் சொல்ல வேண்டும். எதற்காகத் தாமதம் என்ற காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தரத் தயாராக இருக்க வேண்டும். காத்திருக்க வைப்பதைவிடக் காரணம் தெரியாமல் காத்திருக்க வைப்பதுதான் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

செய்கிறவன் தன்னிடமும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் உள்ளே வரப்போவது யார்? அந்த மாதத்தால் இதுவரை எட்டாத ஒரு விரல் எட்டும் என்றால் அந்த மாதம் நியாயமானது. பட்டனின் "டிக்" இன்னும் இனிமையாகும், இடுக்கு 0.2 மி.மீ.யிலிருந்து 0.1 ஆகும், எனக்குத் திருப்தியாக இருக்கும் என்றால், அது என் திருப்திக்காக அடுத்தவர் கட்டும் வாடகை. இரண்டுமே அக்கறை மாதிரியேதான் உள்ளே இருந்து தெரியும். அதனால்தான் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கலைஞனுக்கு உரிய பிடிவாதம் என்று நாம் கொண்டாடுகிற பல விஷயங்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

*

இதை எழுதும்போது ஒன்று தெளிவாகிறது. குட்டை விரலுக்கும் காத்திருக்கும் கைக்கும் நடுவே இந்தச் சண்டை வருவதே, குட்டை விரல் தாமதமாக நினைவுக்கு வருவதால்தான். படமாக இருக்கும்போது கீலை 3 மி.மீ. ஒடுக்க ஆகும் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. போர்டு அடித்த பிறகு அதே 3 மி.மீ. சில ஆயிரம் ரூபாய். மோல்டு வெட்டிய பிறகு லட்சங்கள், மாதங்கள். "ஒரு விரலுக்காக இவ்வளவா?" என்று நியாயமாகவே கேட்கும் நிலைக்கு அப்போது வந்துவிடுகிறோம். அந்தக் கேள்வியை நியாயமாக்கியது விரல் இல்லை, நாம் அதைக் கூப்பிட்ட நேரம்.

யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் முக்கியம். இந்தக் கருவிகளைப் பற்றி ஆர்வமாகக் கருத்துச் சொல்ல வருகிறவர்கள் எல்லோருமே ஏற்கெனவே இவற்றை வைத்து விளையாடிப் பழகியவர்கள். அவர்கள் விரல் ஏற்கெனவே எட்டிவிட்டது. எட்டாதவர்கள் பத்தாவது நிமிடத்தில் கீழே வைத்துவிட்டுப் போனவர்கள், கருத்துக் கேட்டால் அந்த இடத்தில் இருக்க மாட்டார்கள். எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் வாக்கெடுப்பு நடத்தலாம், பெரும்பான்மை சொல்லும் பதில் ஸ்க்ரூ தூண் பக்கம்தான் விழும். அவர்களைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். அவர்கள் "எனக்கு வராது" என்று சொல்லும்போது அதை நம்பக் கூடாது.

எங்கள் கருவியில் பட்டன் இப்போது கீல் பக்கம் மாட்டியிருக்கிறது. கீல் ஒடுங்கியதில் மூடி லேசாக ஆடுகிறது, அதற்கு என்ன செய்வது என்று நண்பன் படம் போட்டுக்கொண்டிருக்கிறான். நீள விரல்காரனான அவன் பட்டனை விரலின் நடுவால் அழுத்தப் பழகிக்கொண்டான். இரண்டு நாள் ஆனது என்றான்.